நான் நானாகவே வீடியோவில் பேச தைரியம் எங்கிருந்து வரும்?

கிராமத்தில் இருந்துகொண்டு யூடியூபில் வீடியோ போட ஆசை, ஆனால் கேமரா முன்னால் என் இயல்பில் பேசப் பயமாக இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

திருத்துறைப்பூண்டி பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடை ஊர் எங்களுடையது. வயல் வேலைகளை வீடியோவாகப் போடுகிறேன். நான் பார்த்தவரை, நம்மைத் தயங்க வைப்பது முகம் தெரியாதவர்கள் இல்லை, தெரிந்தவர்கள்தான். யாரோ அசிங்கமாக எழுதினால் அந்த ஆளை மறைத்துவிடலாம். யூடியூப் ஸ்டுடியோவில் சில சொற்களைத் தடுத்தே வைக்கலாம். "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று கல்யாண வீட்டில் கேட்கிற சித்தப்பாவை எங்கே போய்த் தடுப்பது?

எனக்கு அந்தப் பயம் தெளிந்தது ஒரு வீடியோவில். ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறந்தால் டெல்டா முழுக்க அதே பேச்சுதான். ஆனால் தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து ஆறு ஆறாகப் பிரிந்து எங்கள் வாய்க்காலைத் தொட நாளாகும். சில வருடம் குறுவை நெல்லுக்கு வந்தே சேராது. அப்படி ஒரு வருடம், எல்லாரும் ஆற்றில் பூத்தூவுகிற வீடியோவாகப் போட்டுக்கொண்டிருந்தபோது, நான் எங்கள் வாய்க்காலுக்குள் இறங்கினேன். ஆகாயத்தாமரை சருகாகக் கிடந்தது. வெடித்த மண்ணில் ஒரு பாளத்தைப் பெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் புலம்புவது மாதிரியே பேசினேன்.

"ஊர்க் குறையை உலகத்துக்கே சொல்றியா" என்று சித்தப்பா சத்தம் போட்டார். ஆனால் முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்து விவசாயிகள் "எங்க மதகுலயும் இதே கதைதான்மா" என்று எழுதினார்கள். கண்ணால் பார்த்ததைத்தானே சொல்கிறோம் என்ற தெம்பு அன்றைக்கு வந்தது. அதனால் உங்களுக்கும் சொல்கிறேன்: உங்களுக்கு அத்துப்படியான ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுங்கள். மனசு விஷயத்தில் இருந்தால், நம் முகம் எப்படித் தெரிகிறது என்ற நினைப்பே வராது.

பேச்சை மட்டும் மாற்றிக்கொள்ளாதீர்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்து வில்லேஜ் குக்கிங் சேனல்காரர்களைப் பாருங்கள். வேட்டியும் சட்டையுமாக, தாத்தாவும் பேரன்களும் ஊரில் பேசுகிற மாதிரியே பேசிச் சமைத்தார்கள். 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல் அது.

பணத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். விளம்பரப் பங்கு கிடைக்கவே 1,000 சந்தாதாரர்கள் வேண்டும், அதோடு ஒரு வருடத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையோ, 90 நாளுக்குள் ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோக்களுக்கு ஒரு கோடி பார்வையோ வேண்டும். அதுவரை யாரையும் திருப்திப்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தக் காலத்தை வீணாக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. லிங்க் வைத்திருப்பவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரியும் வீடியோவை ஏற்றலாம். முதலில் அப்படி ஏற்றி, வீட்டிலேயே கறாரான ஆளிடம் காட்டுங்கள். எங்கள் வீட்டில் அது மாமியார். நடவு வீடியோவைப் பார்த்துவிட்டு, "நாத்து ஊனுறது சரியாத் தெரியல, கையக் கிட்டக் காட்டு" என்றார். என் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.