குண்டைவிட மேலா?

வணக்கம்.

அரசுகள் நடத்தும் இணையத் தாக்குதல்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஸ்டக்ஸ்நெட் என்ற கணினி நிரலையும் சேர்த்துக் கண்டித்திருந்தீர்கள். இரானின் நடான்ஸ் அணு நிலையத்தின் மேல் குண்டு போட்டிருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்கள்? இங்கே ஒரு நிரல் உள்ளே போய் இயந்திரங்களைக் கெடுத்தது, ஒருவர்கூடச் சாகவில்லை. குண்டைவிட இது மேல் இல்லையா? எந்த அரசும் இதைத் தொடவே கூடாது என்கிறீர்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மேல்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. 2010இல் ஸ்டக்ஸ்நெட் வெளியே தெரிந்தபோது அது உலகெங்கும் ஏராளமான கணினிகளில் பரவியிருந்தது. ஆனால் குறிப்பிட்ட வகை சீமென்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிகள் குறிப்பிட்ட விதத்தில் இணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே வேலையைக் காட்டும்படி அதை எழுதியிருந்தார்கள். மற்ற இடங்களில் சும்மா கிடந்தது. அமெரிக்காவும் இஸ்ரேலும் செய்தது என்று பரவலாக நம்பப்படுகிறது, இருவரும் ஒப்புக்கொண்டதில்லை.

நீங்கள் எண்ணுவது தாக்கிய அன்று விழுந்த சேதத்தை. என் கவலை அதற்கு முன்பே தொடங்குகிறது. ஸ்டக்ஸ்நெட் விண்டோஸில் அதுவரை யாரும் அடைக்காத நான்கு ஓட்டைகள், அதாவது பாதுகாப்புக் குறைகள், வழியாகப் போனது. அந்த ஓட்டைகள் நடான்ஸில் மட்டுமா இருந்தன? விண்டோஸ் ஓடிய எல்லா இடத்திலும் இருந்தன, எழுதியவர்களின் சொந்த நாட்டிலும்தான். ஊர் முழுக்க விற்ற பூட்டில் ஒரு குறை இருப்பது காவல்துறைக்குத் தெரியும், எதிரி வீட்டைத் திறக்க உதவுமே என்று அதை யாரிடமும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பீரங்கியை வாங்கி வைத்திருக்கும் அரசு அதனாலேயே தன் மக்களின் வீட்டுச் சுவரை மெலிதாக்குவதில்லை. இந்த ஆயுதம் மெலிதாக்குகிறது.

இது வெறும் ஊகம் இல்லை. விண்டோஸின் ஓட்டை ஒன்றின் வழியாக நுழையும் எடர்னல்புளூ என்ற கருவியை அமெரிக்காவின் உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. உருவாக்கி வைத்திருந்தது. 2017 ஏப்ரலில் ஷேடோ புரோக்கர்ஸ் என்ற கும்பல் அதை இணையத்தில் கொட்டியது. மே மாதம் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற நிரல் அதே வழியாகப் பரவி பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளை முடக்கியது. 19,000க்கும் மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்ற மதிப்பீட்டை அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் தன் அறிக்கையில் தந்தது. மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் கொடுத்துவிட்டது, போடாதவர்கள் மேலும் தப்பு உண்டு. சரி, ஆனால் பேட்ச் மார்ச்சில்தானே வந்தது? அதற்கு முன்னால் அந்த ஓட்டை எவ்வளவு காலம் ரகசியமாக வைக்கப்பட்டிருந்தது என்று கேட்க வேண்டாமா?

ஜூனில் நாட்பெட்யா என்ற இன்னொரு நாசகார நிரல். உக்ரைனில் பலரும் பயன்படுத்திய கணக்கு மென்பொருள் ஒன்றின் அப்டேட்டில் அதை ஒளித்து அனுப்பினார்கள். ரஷ்ய ராணுவ உளவுத்துறையின் வேலை என்று அமெரிக்காவும் பிரிட்டனும் பின்னர் அறிவித்தன, ரஷ்யா மறுத்தது. இதுவும் எடர்னல்புளூவைப் பயன்படுத்தியது. மேர்ஸ்க் கப்பல் நிறுவனம், மெர்க் மருந்து நிறுவனம் என்று உக்ரைன்-ரஷ்யா மோதலுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் மாட்டினார்கள். மொத்த இழப்பு சுமார் 1,000 கோடி டாலர் என்று வெள்ளை மாளிகை மதிப்பிட்டது. ராணுவம், பொதுமக்கள் என்று பிரித்துப் பார்க்காமல் தாக்குவதை ஜெனீவா உடன்படிக்கையின் 1977ஆம் ஆண்டு கூடுதல் நெறிமுறை தடை செய்கிறது. கணக்கு மென்பொருள் வழியாகப் பரவும் நிரலுக்கு அந்தப் பிரிவினை எப்படித் தெரியும்?

தொடவே கூடாதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். குண்டா நிரலா என்ற நிலை வந்தால் நானும் நிரலைத்தான் சொல்வேன். ஆனால் ஓட்டையை எவ்வளவு நாள் மறைக்கலாம், அதை யார் முடிவுசெய்வது என்ற கேள்விகளுக்கு விடை வேண்டும். அமெரிக்கா இதற்கென்று ஒரு குழு வைத்து, அதன் விதிகளை 2017 நவம்பரில் வெளியிட்டது. அந்த அளவுக்காவது வெளிப்படையாகப் பேசும் அரசுகள் குறைவு, பாராட்டலாம். ஆனால் குழுவின் செயலகப் பொறுப்பு என்.எஸ்.ஏ.விடமே இருந்தது. உறுப்பினர் பட்டியலில் பாதுகாப்புத் துறை, சி.ஐ.ஏ., நிதித் துறை, வணிகத் துறை, எரிசக்தித் துறை எல்லாம் இருந்தன. சுகாதாரத் துறை இல்லை.