பதில்: பாதுகாப்பு அதிகாரிக்கு 75,000 நியாயமா?

தம்பி, நெபோஷ் (பணியிடப் பாதுகாப்புச் சான்றிதழ்) முடித்து மூன்று வருட அனுபவம், கிளிநொச்சியில் வீதி வேலை சைட்டில் பாதுகாப்பு அதிகாரிக்கு 75,000 தருகிறார்கள், ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்தத் தொகையை விடுங்கள். அடிப்படை 40,000, பயணப்படி 35,000 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கோளாறு அங்கேதான். ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) முதலாளி போடும் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியின் (ETF) 3 வீதமும் பயணப்படிக்குக் கிடையாது. 40,000-க்கு மாதம் 6,000 விழும், முழுவதும் அடிப்படை என்றால் 11,250. ஐந்து வருடம் கழித்து வரும் பணிக்கொடையிலும் இதே அடிதான்.

அப்புறம், கொழும்புச் சம்பளத்தோடு ஒப்பிட்டு மண்டையைக் குழப்ப வேண்டாம். அதே சைட்டில் போர்மனுக்கும் பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) ஓடுகிறவருக்கும் ஓவர்டைமோடு கையில் என்ன வருகிறது என்று தேத்தண்ணிக் கடையில் மெதுவாக விசாரியுங்கள். மாங்குளம் பக்கம் ஒரு சைட்டில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த நான் போர்மனைவிடக் குறைவாக வாங்கினேன், அதனால் என் சொல்லுக்கும் மதிப்பில்லை. ஆளுயரத்துக்கு மேல் வெட்டிய, மண் சரியாமல் முட்டுக்கொடுக்காத வடிகானுக்குள் இரண்டு பெடியங்கள் இறங்கி நின்றார்கள், ஏறச் சொன்னேன், போர்மன் சிரித்துவிட்டு "மேல கேட்டுச் சொல்லுங்கோ" என்றார். ஸ்டோர் கணக்கும் வரவு இடாப்பும்கூட என் தலையில்தான்!

வேலையை நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு உண்டா, எத்தனை சைட், தங்குமிடம் தகரக் கொட்டிலா என்பதையும் கேளுங்கள். நானென்றால் அடிப்படை 60,000, பயணப்படி 15,000 என்று மாற்றித் தரச் சொல்வேன். மொத்தச் சம்பளம் அதேதான், முதலாளிக்கு நிதிப் பங்கு மட்டும்தான் கொஞ்சம் கூடும், அதனால் சம்மதிக்க வாய்ப்பிருக்கிறது. எதையும் கடிதத்தில் வாங்குங்கள்.