பாயில் பெயர் போட்டாச்சு, கல்யாணம் நின்னு போச்சு

பத்தமடையில் பாய் நெய்கிறோம். மணமக்கள் பெயர் போட்ட பட்டுப்பாய்க்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் வந்தது, 2,000 ரூபாய் அட்வான்ஸ். நெய்து முடிக்கும்போது கல்யாணம் நின்றுவிட்டது. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கிறார்கள். பத்திரம் எதுவும் போடவில்லையே வக்கீல் சார்?

பத்திரம் வேண்டாம் அம்மா. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சே ஒப்பந்தம்தான். அவர்கள் பெயரை எழுதி அனுப்பி, விலைக்கு "ஓகே" போட்டிருக்கிறார்களே, அதுக்கு மேல் என்ன வேண்டும்? கல்யாணமே நின்றுபோச்சு என்று அவர்கள் வக்கீல், செய்ய முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிற 56-ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு வரலாம். பாயைக் கொடுப்பதும் பணம் தருவதும் இன்றைக்கும் முடிகிற காரியம்தான். அந்த வாதம் நிற்காது என்பது என் கணிப்பு.

73-ஆம் பிரிவின்படி நஷ்டஈடு கேட்கலாம். நஷ்டத்தைக் குறைக்க நீங்களும் முயன்றிருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கும். சாதாரணப் பாய் என்றால் அடுத்த ஆளுக்கு விற்றிருப்பீர்கள். ஊர்பேர் தெரியாத ஜோடியின் பெயர் போட்ட பாயில் யார் படுப்பார்? அதுதான் உங்கள் பலம். போனை மாற்றினாலும் அந்த வாட்ஸ்அப் உரையாடலை மட்டும் அழித்துவிடாதீர்கள். கோர்ட்டில் கொடுக்க 2023-ஆம் வருஷத்து சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் சேர்க்க வேண்டும்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறோம். சரக்கு எடுத்த கடைக்காரர் நாலு மாதமாக "அடுத்த வாரம் அண்ணாச்சி" என்கிறார்.

குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா? சரக்கு கொடுப்பதற்கு முன்பே பதிந்த குறு, சிறு தொழில் என்றால் 45 நாளுக்குமேல் இழுக்க அவருக்கு உரிமையில்லை. 90 நாள் என்று எழுதி வாங்கியிருந்தாலும் செல்லாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. 2006-ஆம் வருஷத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் இது. அப்பளத்தை வாங்கி விற்கிற வியாபாரிக்கு இது பொருந்தாது, தயாரிக்கிற உங்களுக்குத்தான். பில்லில் உத்யம் எண்ணை அச்சடியுங்கள். அதைப் பார்த்ததுமே பலருக்கு "அடுத்த வாரம்" நாளைக்கே வந்துவிடும்.

வண்ணார்பேட்டையில் நண்பனும் நானும் கூட்டாக வெப்சைட் செய்துகொடுக்கிறோம். கூட்டுத்தொழிலைப் பதிவு செய்யவில்லை. பரவாயில்லையா?

தொழில் நடக்கும். ஆனால் கஸ்டமர் பாக்கி வைத்தால் உங்கள் நிறுவனம் வழக்குப் போட முடியாது. 1932-ஆம் வருஷத்து கூட்டாண்மைச் சட்டம், 69-ஆம் பிரிவு. அவர் உங்கள்மேல் போடலாம்! வழக்குக்கு முன் பதிந்தாலும் போதும். பாக்கி சேரும்வரை காத்திருக்காமல் பாளையங்கோட்டைப் பக்கம் வரும்போது பதிவு வேலையை முடித்துவிடுங்கள் தம்பி.

அல்வா மாஸ்டர் வேலையை விட்டால் இரண்டு வருஷம் கடை போடக் கூடாது என்று எழுதி வாங்கலாமா?

வாங்கலாம், செல்லாது. ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அது; ஒப்பந்தச் சட்டம், 27-ஆம் பிரிவு.