வாசகர் கேள்வி – பதில்: பேருந்துக்கு ஆகும் செலவு

கோலாலம்பூர், சிலாங்கூர் வட்டாரப் பேருந்துச் செலவைப் பற்றி இம்முறை வந்த கடிதங்களே மிகுதி என்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியுள்ளோம். எழுதியவர்களின் பெயர்களையும், அவர்கள் குறை சொல்லும் பேருந்து நிறுவனங்களின் பெயர்களையும் வெளியிடவில்லை.

கேள்வி: நான் கெப்போங்கில் குடியிருக்கிறேன். மஸ்ஜித் இந்தியா சாலையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். வீட்டுப் பக்கத்திலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் போகும் பேருந்துக்கு ஒரு ரிங்கிட்தானே, இன்னும் என்ன குறை என்று கேட்கிறார்கள். ஆனால் மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் போக வர மட்டும் 150 ரிங்கிட்டுக்கு மேல் செலவாகியிருக்கிறது. ஒரு மாதக் கணக்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இதை மலிவு என்று எப்படிச் சொல்வது? *(வாசகி, கெப்போங்)*

பதில்: நீங்கள் அனுப்பிய தாள் என் மேசையில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட பயிற்சி நோட்டிலிருந்து கிழித்த ஒரு பக்கம். இடது ஓரத்தில் தேதி, அடுத்து நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்த நேரம், அதற்கடுத்து பேருந்து வந்த நேரம் என்று மூன்று வரிசைகள். மூன்றாவது வரிசையில் 12 இடங்களில் நேரத்துக்குப் பதிலாக ‘வரவில்லை, கிரேப்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டும் இரவு பத்து மணியை ஒட்டிய நேரங்கள். கடையைச் சாத்திவிட்டு, மஸ்ஜித் ஜாமேக்கில் எல்ஆர்டி ஏறி, தித்திவங்சாவில் எம்ஆர்டிக்கு மாறி, கெப்போங் பாருவில் இறங்கி, படிக்கட்டுக்குக் கீழே 30 நிமிடம், 40 நிமிடம் காத்திருந்து, கடைசியில் வாடகைக் காரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அதற்கு மட்டும் 108 ரிங்கிட். நகர ரயில்களிலும் பேருந்துகளிலும் 30 நாளைக்கு வரம்பின்றிப் போக உதவும் மை50 பாஸுக்குக் கொடுத்த 50 ரிங்கிட்டையும் சேர்த்தால் 158 ரிங்கிட் ஆகிறது. 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்கும் ஒருவருக்கு இது சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்பதுக்கும் மேல்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்: டிக்கெட் மலிவுதான், ஆனால் உங்கள் பயணம் மலிவானதாக இல்லை. வராத பேருந்துக்குப் பதிலாக நீங்கள் கொடுக்கும் காசும் பேருந்துச் செலவுதான் என்பதை, கட்டணத்தைப் பற்றிப் பேசும் அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் கணக்கில் சேர்ப்பதில்லை. கட்டணம் ஏறவில்லை என்று அவர்கள் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், உங்கள் கைப்பையிலிருந்து போகும் பணம் ஏறிக்கொண்டே போகலாம்.

பேருந்து ஏன் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதை ஓட்டுநரின் சோம்பல் என்று நினைத்து அவர் மீதே கோபத்தைக் கொட்டிவிடுகிறார்கள். ஒரு தடத்தை முழுதாகச் சுற்றி வர 40 நிமிடம் ஆகிறது, அதில் இரண்டு பேருந்துகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தத்தில் நிற்பவருக்கு 20 நிமிடத்துக்கு ஒரு பேருந்து கிடைக்கும். மாலை நெரிசலில் அதே சுற்று 60 நிமிடம் ஆகிவிட்டால், இரண்டு பேருந்துகளும் ஓடிக்கொண்டிருந்தாலும், காத்திருப்பு 30 நிமிடமாகிவிடும். இரண்டில் ஒன்று பழுதாகிப் பட்டறைக்குப் போய், மாற்றுப் பேருந்தும் இல்லையென்றால், 60 நிமிடத்துக்கு ஒன்றுதான். எங்கும் யாரும் தடத்தை நிறுத்தவில்லை, கால அட்டவணையும் மாறவில்லை, ஆனாலும் பயணி ஒரு மணி நேரம் நிற்கிறார். சாலையில் கார்கள் பெருகப் பெருக, பழைய சேவையைப் பழைய நிலையிலேயே வைத்திருப்பதற்குக்கூடக் கூடுதல் பேருந்துகளும் கூடுதல் ஓட்டுநர்களும் தேவைப்படுகிறார்கள். அவை வராதபோது அந்தப் பற்றாக்குறையைச் சுமப்பவர், இரவு பத்து மணிக்குப் படிக்கட்டுக்குக் கீழே தனியாக நிற்கும் உங்களைப் போன்ற பெண்தான். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. கடைசிப் பேருந்தைப் பயணிகள் எண்ணிக்கையை வைத்து மட்டும் எடைபோடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதில் ஆறு பேர்தான் ஏறுகிறார்கள் என்றாலும், அந்த ஆறு பேருக்கும் வேறு வழி கிடையாது.

கேள்வி: பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலை செய்கிறேன். குடியிருப்பிலிருந்து ரயில் நிலையத்துக்கு ஓடும் ஒரே ஒரு இணைப்புப் பேருந்தில்தான் போய் வருகிறேன், ரயில் ஏறுவதில்லை. எல்லாரும் 50 ரிங்கிட் பாஸ் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? *(வாசகி, செராஸ்)*

பதில்: வேண்டாம். இணைப்புப் பேருந்துக்குப் போக ஒரு ரிங்கிட், வர ஒரு ரிங்கிட் என்றால், 22 வேலை நாளுக்கு 44 ரிங்கிட்தான் ஆகும். 26 நாள் போனால்தான் 52 ரிங்கிட் வரும். பாஸ் வாங்கிய நாளிலிருந்து விடாமல் 30 நாளை எண்ணுவார்கள் என்பதால், பள்ளி விடுமுறை இடையில் வந்தால் அந்த நாள்களும் வீணாகும். எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில் ஆகியவற்றில் அன்றாடம் ஏறுபவர்களுக்குத்தான் மை50 பெரும் லாபம். கேடிஎம் கொமுட்டர் ரயிலில் அது செல்லாது என்பதையும், கிள்ளான், ரவாங் பக்கத்திலிருந்து வருபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டி, இப்போது எங்களோடு இருக்கிறார். அவரிடம் இருப்பது நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை. மாதம் இரண்டு முறை கோலாலம்பூர் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாஸ் குடிமக்களுக்கு மட்டும்தான் என்று முகப்பிடத்தில் சொல்லிவிட்டார்கள். சென்ற மாதம் ஒரு பேருந்தில் ஏறியபோது அட்டையில் பணம் போதவில்லை, ரொக்கமும் வாங்க மாட்டார்கள் என்று இறக்கி விட்டார்கள். அம்மா வெயிலில் நடந்தே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். இது நியாயமா? *(வாசகர், சுங்கை பூலோ)*

பதில்: நியாயமில்லை, ஐயா. உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் பாட்டியின் சிவப்பு அட்டைதான் கண்முன் வந்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருப்பார். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதை நீட்டும்போது அவர் குரல் சற்றுத் தாழ்ந்துவிடும்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். மை50 பாஸ் மலேசியக் குடிமக்களுக்கானது. அதற்கான உதவித்தொகையை அரசாங்கம் தருகிறது; வரிப்பணத்தில் தரும் சலுகை குடிமக்களுக்கே என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் நியாயம். பொதுவாகப் பார்த்தால் அதில் தவறு காண முடியாது. ஆனால் சிவப்பு அட்டை வைத்திருக்கும் நம் முதியவர்கள் நேற்று வந்த விருந்தாளிகள் அல்லர். பிறப்புப் பத்திரத்தை யாரும் எடுத்து வைக்காத, பதிவதற்கு எங்கே போவது என்று யாரும் சொல்லித் தராத தோட்ட லயன் வீடுகளில் பிறந்தவர்கள் அவர்களில் பலர். நாட்டின் ரப்பரும் செம்பனையும் அவர்களின் உழைப்பில் வளர்ந்தவை. மாதத்துக்கு நான்கு முறை பேருந்து ஏறும் ஒரு மூதாட்டிக்குச் சலுகை தருவதால் அரசாங்கத்தின் கஜானா குறைந்துவிடாது. 60 வயதுக்கு மேற்பட்ட நிரந்தரவாசிகளுக்கும் பேருந்துச் சலுகையை விரிக்க வேண்டும் என்று உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள், நாங்களும் எழுதுகிறோம்.

ரொக்கம் வாங்காததைப் பற்றி: சில்லறைத் தகராறு இல்லாமல், பயணிகள் விரைவாக ஏறி இறங்க அது உதவுகிறது என்பது உண்மைதான். ஆனால் அட்டையில் மீதி எவ்வளவு இருக்கிறது என்று கருவியின் சிறு திரையில் படிக்க முடியாத, பணம் ஏற்றும் இயந்திரத்தைத் தொடவே தயங்கும் முதியவரை நினைக்காமல் அந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். இப்போதைக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் நீங்களே அம்மாவின் டச் என் கோ அட்டையில் 20 ரிங்கிட் ஏற்றி வையுங்கள். அவருடைய நான்கு பயணங்களுக்கு அது போதும், அட்டையை நீட்டும்போது மனத்தில் கலக்கமும் இருக்காது.

கேள்வி: மினி பஸ் காலத்தில் 60 சென் கொடுத்துக் கோலாலம்பூர் முழுக்கச் சுற்றினோம். அந்தச் சேவையை ஏன் ஒழித்தார்கள்? அதுவே இன்று இருந்தால் இந்தப் புலம்பல் எதுவும் இருக்காதே? *(ஓய்வுபெற்ற தட்டச்சர், செந்தூல்)*

பதில்: நானும் அந்த ரோஜா நிற மினி பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனவன்தான். உள்ளே மூச்சுவிட இடமில்லாதபோதும் கண்டக்டர் ‘பெலாகாங் கோசோங், மாசோக் லாகி’ என்று கத்திக்கொண்டிருப்பார். பின்னால் காலியாக இருக்கிறது என்று அவர் சொன்னதை நம்பி நாமும் நகர்வோம். 1975-இல் தொடங்கி 1998-இல் முடிந்த அந்தச் சேவையில் ஒரே கட்டணம், எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் அதே காசு. எளிய மக்களுக்கு அதைவிடத் தெளிவான கட்டண முறை பிறகு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதன் மறுபக்கத்தையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வசூலே வருமானம் என்பதால் ஒரே தடத்தில் இரண்டு பேருந்துகள் போட்டி போட்டுக்கொண்டு பறந்தன. கூட்டம் இல்லாத நேரத்தில் பேருந்தைக் காண முடியாது, வயதானவர் கைகாட்டினால் நிற்காமலும் போவார்கள். அதை மாற்றி, நகரப் பேருந்துகளை ஒரு சில பெரிய நிறுவனங்களின் கீழ் கொண்டுவர 1990-களில் முயன்றார்கள். இந்த்ரகோத்தா, சிட்டிலைனர் ஆகியவை அப்படி வந்தவை. 1997-98 பொருளாதார நெருக்கடியும் கடனும் சேர்ந்து அவற்றை நிமிரவிடவில்லை. பின்னர் அந்தப் பேருந்துகளை அரசாங்கம் தன் நிறுவனமான பிரசாரானா வழியாக எடுத்துக்கொண்டது. ரேபிட் கேஎல் என்ற பெயரில் 2006-இல் தடங்களை மாற்றியமைத்தபோது நகரப் பேருந்தில் 2 ரிங்கிட் டிக்கெட்டில் நாள் முழுக்கப் போகலாம் என்ற ஏற்பாடு இருந்தது. மினி பஸ்ஸின் எளிமையும் பொது நிறுவனத்தின் பொறுப்பும் சேர்ந்த அந்த டிக்கெட்டைக் கைவிட்டது எனக்கு இன்றும் ஆதங்கமே.

கட்டணம் கைமீறிப்போன காலமும் உண்டு. 2015-இல் சன்வேயில் 5.4 கிலோமீட்டர் உயர்வழிப் பேருந்துத் தடம் திறக்கப்பட்டபோது, முழுத் தூரத்துக்கும் 5.40 ரிங்கிட், அதாவது கிலோமீட்டருக்கு ஒரு ரிங்கிட் என்று அறிவித்தார்கள். பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் முதல் குடியிருப்பாளர்கள் வரை கொதித்தெழுந்தார்கள். இன்று மை50 பாஸில் அந்தத் தடமும் அடக்கம்.

கேள்வி: நான் கார் ஓட்டுபவன். பேருந்தில் ஏறாதவர்களின் வரிப்பணத்தில் பேருந்துக்கு ஏன் மானியம் தர வேண்டும்? ஏறுபவர்களே முழுச் செலவையும் ஏற்றுக்கொள்ளட்டுமே. *(வாசகர், பூச்சோங்)*

பதில்: உங்கள் காருக்கும் மானியம் கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 30 அன்று பூடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் தகுதியுள்ள குடிமக்கள் அனைவருக்கும் நடப்புக்கு வந்தபோது, அவர்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட், மானியம் இல்லாத விலை 2.60 ரிங்கிட். அப்போதிருந்த மாதம் 300 லிட்டர் வரை என்ற வரம்பை முழுதாகப் பயன்படுத்திய ஒருவருக்கு அந்த விலையில் 183 ரிங்கிட் உதவி கிடைத்தது. அதை நான் குறை சொல்லவில்லை, என் மகனும் அதே பெட்ரோலைத்தான் போடுகிறான். பேருந்தில் போகும் கெப்போங் சகோதரிக்குக் கிடைப்பதைக் கணக்குப் பார்ப்பதற்கு முன்னால் நமக்குக் கிடைப்பதையும் அதே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அதோடு, அவர் பேருந்தை விட்டுவிட்டுத் தவணையில் ஒரு கார் வாங்கினால், காலையில் பூச்சோங் நெடுஞ்சாலையில் உங்களுக்கு முன்னால் இன்னொரு கார் நிற்கும்.

கேள்வி: புகார் செய்தால் பதிலே வருவதில்லை. எப்படி எழுதினால் எடுபடும்? *(பலர் கேட்டது)*

பதில்: ‘பேருந்து எப்போதும் தாமதம்’ என்று எழுதினால் அதை யாரும் விசாரிக்க முடியாது. தேதி, தட எண், நிறுத்தத்தின் பெயர், நீங்கள் வந்த நேரம், பேருந்து வந்த நேரம் ஆகியவற்றை இரண்டு வாரமாவது குறித்து வைத்து, அதை முதலில் பேருந்து நிறுவனத்துக்கும், அதன் நகலைப் போக்குவரத்து அமைச்சின் கீழ் உள்ள தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாடுக்கும் அனுப்புங்கள். ஒரே குடியிருப்பில் ஐந்து பேர் ஒரே நிறுத்தத்தைப் பற்றித் தனித்தனியாகக் குறித்து அனுப்பினால் இன்னும் நல்லது. நிறுத்தத்தில் கூரையோ விளக்கோ இல்லாதது பெரும்பாலும் மாநகர் மன்றத்தின் பொறுப்பு, அதைத் தனிக் கடிதமாக எழுதுங்கள்.

மாதிரி வேண்டுபவர்களுக்காக, கெப்போங் வாசகியின் அனுமதியோடு அவருடைய நோட்டுப் பக்கத்தை நகலெடுத்து வைத்திருக்கிறோம். எங்கள் முகவரிக்கு அஞ்சல்தலை ஒட்டிய உறை அனுப்பினால் ஒரு பிரதி வந்து சேரும்.