மூன்றாம் மாதத்தோடு ஊசி போதுமா?

கேள்வி: மகளுக்கு 7 மாதம், எடை 7 கிலோ. 3-ஆம் மாத ஊசிக்குப் பின் இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. மாமியார் வேண்டாம் என்றதால் அதோடு நிறுத்திவிட்டோம். பகலில் ஆயா கொட்டகையில் விடுகிறேன். மூளைக்காய்ச்சல் ஊசியை மட்டும் தனியாகப் போடலாமா, டாக்டர்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, நீங்கள் கேட்கும் மருந்து, நிறுத்திய ஊசிக்குள்ளேயே இருக்கிறது. அரசு கிளினிக்கில் 2, 3, 5, 18-ஆம் மாதங்களில் போடும் ஊசி ஆறு நோய்களைத் தடுப்பது. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஹிப் (Hib) என்ற பாக்டீரியாக் கிருமிக்கு எதிரான மருந்தும் அதில் அடக்கம். மலேசியாவில் 2002-இல் ஹிப் தடுப்பூசி வரும் முன், சிறு குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கிய கிருமிகளில் அதுவே முதன்மையானது. பிழைத்த பிள்ளைகளிலும் பலருக்குக் காது கேட்காமல் போனது. இப்போது அது அரிது. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் இன்னொரு கிருமியான நிமோகாக்கஸுக்கு எதிராக 2020-இல் சேர்ந்த தனி ஊசி 4, 6, 15-ஆம் மாதங்களுக்கு உரியது.

ஹிப் கிருமிக்கு மேல் ஒரு சர்க்கரை உறை உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட உடம்பு அந்த உறையை எதிரியாக அடையாளம் காணாது. அதனால்தான் தடுப்பூசியில் அதை ஒரு புரதத்தோடு பிணைத்திருக்கிறார்கள். அப்படியும் ஓரிரு ஊசியில் பாதுகாப்பு முழுமையாகாது. இருமலிலும் தும்மலிலும் பரவும் கிருமி இது. பல பிள்ளைகள் ஒன்றாக இருக்கும் ஆயா கொட்டகையில் தாமதம் ஆபத்து.

முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குழந்தையின் பதிவுப் புத்தகத்தோடு இந்த வாரமே கிளினிக்குக் கொண்டுபோங்கள். நிமோகாக்கஸ் ஊசியையும் அன்றே மறு தொடையில் போடலாம். இலேசான சளி தடையல்ல. போட்டபின் 30 நிமிடம் அங்கேயே இருங்கள்.

ஊசிக்குப் பின் காய்ச்சல் வருவது இயல்பு. ஓரிரு நாளில் அடங்கும். வந்தால் பாராசிட்டமால் சிரப்: 5 மி.லி.யில் 120 மி.கிராம் உள்ள பாட்டிலானால் 3.5 மி.லி.; 250 மி.கிராம் என்றால் 1.7 மி.லி. மட்டுமே. லேபிளைப் படியுங்கள், பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். கரண்டி வேண்டாம், சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். 6 மணி நேர இடைவெளி விடுங்கள். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கூடாது.

பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, கீச்சென்ற அழுகை, உச்சிக்குழி புடைப்பது, வலிப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் அது ஊசிக் காய்ச்சல் என்று காத்திருக்காதீர்கள். கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலும் மூளைக்காய்ச்சல் வரும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வண்டி இல்லாவிட்டால் 999-ஐ அழையுங்கள்.