உலக முடிவுப் படத்தில் வெறும் மூடுபனிதான் விழுந்தது என்றால்

இலங்கையின் ஹோட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ (World's End) என்ற மலை விளிம்புக்குப் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம், படமெல்லாம் சாம்பலாக வந்துவிட்டது, பிள்ளைகளும் களைத்து அழுதார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கமராவில் பிழை இல்லை, நேரம்தான் பிழை. ஹோட்டன் சமவெளியில் பெரும்பாலான நாட்களில் ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி 800 மீற்றருக்கும் மேலான அந்தச் செங்குத்துச் சரிவை அப்படியே மறைத்துவிடும். நுவரெலியாவில் தங்கி, விடியுமுன் வெளிக்கிட்டு, பூங்கா வாசல் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். முதலில் உலக முடிவு, அப்புறம் பேக்கர் நீர்வீழ்ச்சி. அருவிக்கு மேகமூட்டம்தான் நல்லது, மெதுவான ஷட்டரில் தண்ணீர் பட்டுநூல் மாதிரி விழும்.

பனியைக் கமரா சாம்பலாகத்தான் காட்டும், அதனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் ஒளியை, ஒரு ஸ்டொப் (இரண்டு மடங்கு) கூட்டுங்கள். குளிரில் இருந்த கமராவைச் சூடான வாகனத்துக்குள் கொண்டுபோனதும் லென்ஸ் வேர்க்கும், கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே சூடேற விடுங்கள். துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும்.

நடைப்பாதைச் சுற்று ஏறத்தாழ 9 கிலோமீற்றர், சின்னப் பிள்ளைகளுக்கு அது அதிகம்தான். நீங்கள் படம் எடுக்கும் இடத்திலேயே அவர்களுக்கு ரொட்டியைக் கொடுத்து உட்கார வையுங்கள். வாசல் பக்கம் மரை என்ற பெரிய மான் மேயும், என் மகள் அதன் காதில் தொங்கிய பனித்துளியைக்கூட எண்ணிக்கொண்டு நின்றாள். கட்டாயம் இன்னொரு தடவை போங்கள்.