நினைவு தப்பிய கணவரிடம் வாங்கிய பவர் செல்லுமா?

கேள்வி: எங்களுக்கு 1991இல் டர்பனில் கல்யாணம். கோயிலில் தாலி கட்டி, பதிவும் செய்தோம். வேறு ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருவர் பெயரிலும் வீடு இருக்கிறது. கணவருக்கு 63 வயது, நாலு வருஷமாக மறதி நோய். சில நாள் என்னையே "நீங்க யாரு?" என்கிறார். பேங்கில் அவர் பெயரில் உள்ள பணத்தை எடுக்க முடியாமல், தையல் வேலை செய்து ஓட்டுகிறேன். போன மாதம் கொழுந்தனார் அவரை அழைத்துப் போய்த் தன் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டார். வீட்டை விற்று அவரை ஹோமில் சேர்க்கலாம் என்கிறார். விவாகரத்து வாங்கினால் அரசாங்க உதவியாவது வரும் என்கிறாள் என் அக்கா. எனக்கு அவரை விட மனமில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் வீட்டைப் பற்றிய பயத்தை விடுங்கள். நீங்கள் கையெழுத்துப் போடாமல் அந்த வீட்டை யாராலும் விற்க முடியாது.

1984 நவம்பர் 1க்குப் பிறகு ஒப்பந்தம் இல்லாமல் பதிவான உங்களுடையதைப் போன்ற திருமணத்தில், இருவர் சொத்தும் ஒரே கூட்டுச் சொத்து. பாதி உங்களுடையது. 1984ஆம் ஆண்டின் திருமணச் சொத்துச் சட்டம், பிரிவு 15, கூட்டுச் சொத்தில் உள்ள வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கணவன் மனைவி இருவரின் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும் என்கிறது. (பதிவு செய்யாமல் தாலி மட்டும் கட்டியிருந்தால் கதை வேறு. நம் குடும்பங்களில் அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். கல்யாணச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள்.)

இப்போது பவர். நீங்கள் அனுப்பிய பழைய வீட்டுக் கடன் பத்திரம், போன மாதப் பவர் இரண்டின் நகல்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடன் பத்திரத்தில் அவர் கையெழுத்து ஒரே வீச்சில் நேராக ஓடுகிறது. போன மாதத் தாளிலோ பாதி எழுத்திலேயே நின்று, மறுபடி தொடங்கி, கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று புரியாதவர் எழுதிக் கொடுத்த பவர் செல்லாது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல புத்தியோடு இருந்தபோது உங்களுக்கே பவர் எழுதிக் கொடுத்திருந்தாலும், மனம் செயலிழந்ததும் அதுவும் செத்துவிடும். இங்கிலாந்தில் நோய் வந்த பிறகும் நிலைக்கும் பவர் உண்டு, தென்னாப்பிரிக்காவில் இல்லை. இது தெரியாமல் பழைய பவரைக் காட்டிப் பணம் எடுத்துவிட்டுப் பிறகு திண்டாடிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்பதே என் எண்ணம். அதுவரை, இருக்கிற வழியில்தான் போக வேண்டும்.

அந்த வழி, உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம். தன் சொத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்களின் சொத்து நிர்வாகத்தை மேற்பார்வை செய்யும் அதிகாரி அவர். 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அவருடைய பணத்தையும் சொத்தையும் பார்த்துக்கொள்ள ஒரு நிர்வாகியை மாஸ்டர் நியமிக்கலாம். மனைவி என்ற முறையில் நீங்களே மனுப் போடலாம். டாக்டர் சான்றிதழ்கள் வேண்டும். மனுவுக்கு முந்திய ஏழு நாளுக்குள் அவரை நேரில் பார்த்ததாகச் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். தினமும் அவருக்குச் சோறு ஊட்டுகிற உங்களுக்கு அது ஒரே வரியில் எழுதிவிடக்கூடியது. நியமனம் வந்த பிறகு அந்தப் பணத்தை அவருக்கும் வீட்டுக்கும் முறையாகச் செலவு செய்யலாம், ஆனால் வருஷா வருஷம் மாஸ்டருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இன்றிலிருந்தே மருந்துக் கடை ரசீதைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். நோயின் தன்மையால் மாஸ்டர் வழி ஒத்துவராது என்று டாக்டரோ மாஸ்டரோ சொன்னால், அவர் சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றமே நியமிக்கும் ஆளான கியூரேட்டரைக் கேட்டு, உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டியிருக்கும். செலவு அதிகம், நாளும் பிடிக்கும். அப்போது வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி தரும் லீகல் எய்டு அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

சிகிச்சை விஷயத்திலும் கொழுந்தனார் உங்களைத் தாண்ட முடியாது. நோயாளியால் முடிவெடுக்க முடியாதபோது, அவர் முன்பே எழுத்தில் யாரையும் நியமிக்காமல் இருந்தால், மனைவியின் சம்மதத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டம். தம்பியின் முறை கடைசியில்தான்.

அக்கா அக்கறையில் சொல்கிறார், ஆனால் உதவித்தொகைக்கு விவாகரத்து தேவையில்லை. 60 வயது தாண்டியவர்களுக்கான முதியோர் உதவித்தொகைக்கு, அரசாங்க உதவித்தொகைகளை வழங்கும் அமைப்பான சாசாவில் (SASSA) விண்ணப்பியுங்கள். இருவர் வருமானத்தையும் சொத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள், குடியிருக்கும் வீட்டைச் சேர்ப்பதில்லை. அது கிடைத்தால், எப்போதும் ஒருவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டியவர் என்பதற்காக அதன் மேல் துணைத் தொகை ஒன்றும் கேட்கலாம். நிறையப் பேர் இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

"விட மனமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, விட வேண்டாம். சட்டப்படி உங்களுக்கு அவரைத் தாங்கும் கடமை இருப்பதுபோல, அவர் சொத்துக்கும் உங்களைத் தாங்கும் கடமை உண்டு. அவர் பணத்தில் நீங்கள் சாப்பிடுவது திருட்டு இல்லை, அம்மா. வாரத்தில் இரண்டு நாள் ஒரு பெண்ணை உதவிக்கு வைத்துக்கொண்டு தூங்கினாலும் அதுவும் நியாயமான செலவுதான்.

கடைசியாக, கொழுந்தனார் வாங்கிய அந்தப் பவரின் நகலைக் கோபத்தில் கிழித்துவிடாதீர்கள். பழைய கடன் பத்திரத்தோடு சேர்த்து ஒரு உறையில் போட்டு, டாக்டரிடம் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள். அந்தத் தேதியில் அவருடைய நிலை எப்படி இருந்தது என்று டாக்டரை எழுதித் தரச் சொல்லுங்கள்.